பத்தாம் வகுப்பில் மொத்தமே ஏழு பேர்! – வாசகர் கேள்வி பதில்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன அரசுப் பள்ளிகளைப் பற்றியே இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.)

கே: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை சேர்த்து 38 பிள்ளைகள். ஆறில் 6, ஏழில் 7, எட்டில் 9, ஒன்பதில் 9, பத்தில் 7. பத்தாம் வகுப்புத் தேர்வில் 2023இல் 9 பேர் எழுதி 9 பேரும் பாஸ், 2024இல் 8 பேரில் 6 பேர், 2025இல் 7 பேரும் பாஸ். ஒரு வருடம் நூறு, அடுத்த வருடம் எழுபத்தைந்து, மறுபடி நூறு என்றால் எதை நம்புவது? என் மகள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். 14 கிலோமீட்டர் தள்ளி டவுனில் உள்ள தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று வீட்டில் சண்டை.
– வாசகி, சங்கராபுரம் வட்டாரம்

ப: அம்மா, வகுப்புவாரியாக எண்ணிக்கை எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. பல பேர் "ரிசல்ட் மோசம், என்ன செய்ய" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு என்னை ஜோசியம் பார்க்கச் சொல்கிறார்கள்.

முதல் விஷயம், இவ்வளவு சின்னப் பள்ளியில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், தலையை எண்ணுங்கள். ஏழு பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை கணக்கில் 33 வாங்கினால் போதும், பள்ளியின் ரிசல்ட் நூறிலிருந்து நேராக 85.7க்கு இறங்கிவிடும். அந்தப் பிள்ளைக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம், வீட்டில் சாவு விழுந்திருக்கலாம். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே பிள்ளை ஃபெயிலானால் அரை சதவீதம் குறையும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நீங்கள் கொடுத்த மூன்று வருடத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். 24 பேர் எழுதி 22 பேர் பாஸ், அதாவது 91.7 சதவீதம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024இல் 87.90, 2025இல் 91.26. ஆக உங்கள் ஊர்ப் பள்ளி சூரப்புலியும் இல்லை, மோசமும் இல்லை, ஊரோடு ஒத்துப்போகிற சாதாரணப் பள்ளி. நூறு வந்த வருடம் வெடி போட்டதும் எழுபத்தைந்து வந்த வருடம் வாத்தியார்களைத் திட்டியதும் கொஞ்சம் அதிகம்தான்.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், பயப்படாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸாகும் வாய்ப்பு அந்த 91.26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏழு பேரும் சேர்ந்து பாஸாகும் வாய்ப்பு ஏறக்குறைய 53 சதவீதம். அதாவது யாரும் விசேஷமாக எதுவும் செய்யாமலே, இரண்டு வருடத்துக்கு ஒரு வருடம் நூறு சதவீதம் தானாக விழும்! அதே மாதிரி எட்டுப் பேரில் இரண்டு பேரோ அதற்கு மேலோ தவறுவது ஆறேழு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கத்தான் செய்யும். நூறு பேர் எழுதும் பள்ளியில் இதே வாய்ப்பில் எல்லோரும் பாஸாவது பத்தாயிரத்தில் ஒன்று. அதனால் பெரிய பள்ளி ஒன்று நூறு காட்டினால் அங்கே எதோ நடக்கிறது என்று அர்த்தம். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இல்லையென்றால் தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, டவுன் பள்ளியில் போன வருடம் ஒன்பதில் எத்தனை பேர் படித்தார்கள், இந்த வருடம் பத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாமினல் ரோலில், அதாவது பொதுத் தேர்வு எழுதுவோர் பட்டியலில், எத்தனை பெயர் போனது என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் புத்தகப் பையையும் ஸ்மார்ட் போர்டையும் காட்டினார்கள் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

சரி, ரிசல்ட்டை விட்டால் எதைத்தான் பார்ப்பது? உங்கள் ஊர்ப் பள்ளிக்கே ஒரு நாள் போய் ஹெச்.எம்.மைப் பாருங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இருக்கிறாரா? "போஸ்ட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், போஸ்ட் காகிதத்தில் இருக்கும், ஆள் வேறு பள்ளியில் மாற்றுப் பணியில் இருப்பார். சின்ன உயர்நிலைப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான். பெரிய பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போனால் இன்னொருவர் இரண்டு செக்‌ஷனைச் சேர்த்து எடுத்துவிடுவார். உங்கள் ஊரில் அவர் ஜூனில் போய் அக்டோபரில் அடுத்தவர் வந்தால், நடுவில் அந்தப் பீரியடுக்குச் சமூக அறிவியல் ஆசிரியர்தான் உட்கார்ந்திருப்பார். நான் மேலே போட்ட கணக்கு அங்கே உடைந்துவிடும், ஏனென்றால் ஒரு பிள்ளை தவறாது, வரிசையாக நாலைந்து பேர் தவறுவார்கள். சின்னப் பள்ளிக்கு உண்மையான ஆபத்து இதுதான், பிள்ளைகள் குறைவாக இருப்பது இல்லை.

இன்னொன்று, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பதிவேட்டை உங்கள் மகள் வகுப்புக்குக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பெற்றோர் கேட்டால் பொதுவாகக் காட்டுவார்கள். கணக்கு வரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். 35, 36, 38, 35 என்று எல்லோரும் கரையோரமாகவே நின்றால் அது வாத்தியார் கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட பாஸ். 41, 78, 55, 90 என்று பரவலாக இருந்தால் பாடம் நடக்கிறது, பிள்ளைகள் அவரவர் அளவுக்கு வாங்குகிறார்கள். இந்த ஒரு பக்கம் சொல்வதை மூன்று வருட ரிசல்ட் சொல்லாது.

டவுனுக்குப் போவதற்கு எதிராக எனக்குத் தெரிந்த பெரிய காரணம் வேறு. ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற தொடர்ச்சி போய்விடும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்தத் தொடர்ச்சியைக் கேட்கிறது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அதை நீட்டித்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான். ஆறிலிருந்து பத்து வரை உங்கள் ஊர், பதினொன்று பன்னிரண்டு டவுன் அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் ஒரு சிக்கலும் இல்லை, பள்ளி மாறலாம், அரசுப் பள்ளியாக இருந்தால் போதும். எப்படியும் பதினொன்றாம் வகுப்புக்கு அவள் ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். அதை இரண்டு வருடம் முன்னாலேயே ஃபீஸ் கட்டிச் செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி. 14 கிலோமீட்டர் போய்வரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள், அதிலும் மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறரைக்கு பஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் பதில்: கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இருந்தால் ஊர்ப் பள்ளியிலேயே பத்து முடிக்கட்டும். ஒன்பது பேர் வகுப்பில் உங்கள் மகள் நோட்டை வாத்தியார் தினமும் பார்ப்பார், அறுபது பேர் வகுப்பில் அது நடக்காது. ஆள் இல்லையென்றால், அதுவும் டிசம்பர் வரை வரவில்லையென்றால், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் டவுன் அரசுப் பள்ளியை முதலில் பாருங்கள், தனியாரை அப்புறம் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துகிறது. எட்டில் 9, ஆறில் 6. கீழ் வகுப்பு மெலிகிறது. அதைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

கே: 11 பேர் எழுதிய எங்கள் பள்ளி நூறு சதவீதம் எடுத்தபோது மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். அடுத்த வருடம் 9 பேரில் 2 பேர் தவறியதும் மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்து "22 சதவீதம் சரிவு" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?
– பட்டதாரி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

ப: சார், அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். ஐந்து வருடம், எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, துணைத் தேர்வில் தேறியவர் எத்தனை, அந்த வருடம் எந்தப் பணியிடம் எத்தனை மாதம் காலி. சதவீதம் என்ற பத்தியே அதில் வேண்டாம். தவறிய இரண்டு பேரில் ஒருவர் துணைத் தேர்வில் தேறியிருந்தால் அதைப் பெரிதாகவே எழுதுங்கள், மே மாதச் செய்தியில் அது வருவதில்லை.

இது உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் தேர்வில் முன்னணியில் நிற்பவை சின்னப் பள்ளிகள் என்று பார்த்துவிட்டு, 2000ஆம் ஆண்டுவாக்கில் பில் கேட்ஸின் அறக்கட்டளை முதற்கொண்டு பெரும் பணத்தைக் கொட்டிப் பெரிய பள்ளிகளைச் சின்னதாக உடைத்தார்கள். ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் 2007இல் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளின் மதிப்பெண்ணை எடுத்துக் காட்டினார்: உச்சியில் சின்னப் பள்ளிகள் நிறைய இருப்பது உண்மைதான், ஆனால் அடிமட்டத்திலும் சின்னப் பள்ளிகளே நிறைய. எண்ணிக்கை குறைந்தால் ஆட்டம் அதிகம், அவ்வளவுதான். உங்கள் சால்வையும் உங்களை எழுப்பி நிற்க வைத்ததும் ஒரே காரணத்தால் வந்தவை.

2025இல் 1,867 அரசுப் பள்ளிகள் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் பக்கத்தில் எழுதியவர் எண்ணிக்கையையும் போட்டால் நன்றாக இருக்கும். மாநில அளவில் முதல் மூன்று ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தையே 2017இல் நிறுத்திவிட்டோம், பள்ளிகளுக்குள் இந்தச் சதவீதப் போட்டி மட்டும் ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை.

கூட்டத்தில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். தாளை மட்டும் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

கே: ஒரு பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?
– வாசகர், விருதுநகர்

ப: முடியும். நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு மாநிலம் (நமக்கு 33), அப்புறம் மாவட்டம், வட்டாரம், ஊர், கடைசியில் பள்ளி. பள்ளியின் பெயரைவிட இந்த எண்ணை வைத்துத் தேடுவது நல்லது, ஒரே ஒன்றியத்தில் ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும். ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்' பகுதிக்குப் போனால் எண்ணிக்கை, ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை, நூலகம் எல்லாம் வரும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது முந்தைய கல்வியாண்டின் கணக்காக இருக்கலாம், எந்த வருடம் என்று மேலே பாருங்கள். இரண்டு, தேர்வு முடிவை அங்கே தேடாதீர்கள், அது தேர்வுத் துறை சமாச்சாரம். அங்கே 'ஆசிரியர் 6' என்று இருந்தாலும் காலையில் மணி அடிக்கும்போது ஆறு பேர் நிற்கிறார்களா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கே: முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ஹெச்.எம்., ஐந்து ஆசிரியர், கட்டடம், கரண்ட் என்று செலவு செய்வதற்குப் பதில் இரண்டு மூன்று பள்ளிகளைச் சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கும் நல்லதுதானே? உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்லவும்.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: உணர்ச்சிவசப்படவில்லை, ஆனால் நீங்கள் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

செலவுக் கணக்கு சரி. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சின்னப் பள்ளி விலை கூடத்தான். ஆனால் இந்தப் பள்ளிகளில் பல எப்படி வந்தன என்று பாருங்கள். 2009இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த இடைநிலைக் கல்வித் திட்டம், ஆர்.எம்.எஸ்.ஏ. என்பார்களே அது, எந்தக் குடியிருப்பிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் பத்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று குறி வைத்தது. அதில்தான் நிறைய நடுநிலைப் பள்ளிகள் உயர்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர்ந்தன. அன்று அவற்றைத் திறந்தது கூட்டம் நிரம்பி வழிந்ததால் இல்லை, எட்டாவது முடித்த பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், தூரத்தினால் நின்றுபோனதால். ஜவ்வாது மலையிலும் கொல்லி மலையிலும் பர்கூர் மலையிலும் இரண்டு பள்ளிகளைச் சேர்ப்பது என்றால் வரைபடத்தில் இரண்டு அங்குலம், காலால் நடந்தால் வேறு கதை. இலவச பஸ் பாஸ் இருக்கிறது என்பீர்கள், பஸ் வேண்டுமே! இலவச சைக்கிளும் பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வரும்.

சமவெளியில், நல்ல ரோடு இருந்து, மூன்று கிலோமீட்டருக்குள் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் பாதி காலியாக நின்றால்? அங்கே நீங்கள் சொல்வதை நான் முழுசாக மறுக்க மாட்டேன். பள்ளிக்கு ஒரு வாகனம் ஏற்பாடு செய்து, அது ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய பிறகு சேருங்கள். உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில் 50க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு போட்டார்கள், பெற்றோர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உத்தரவு முதலில், வண்டி அப்புறம் என்றால் அப்படித்தான் ஆகும்.

பிள்ளைகள் குறைவதற்குத் தனியார் பள்ளி மட்டும் காரணம் இல்லை என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1.8, அதுவே 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் 1.4. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகின்றன. மேலே சங்கராபுரத்து அம்மா எழுதிய ஆறாம் வகுப்பு 6 பேர் அப்படித்தான் வருகிறது. அவர் பார்க்க வேண்டியது பள்ளியின் பத்தாம் வகுப்பை இல்லை, பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பை. அங்கே எத்தனை தலை இருக்கிறதோ அதுதான் அடுத்த வருட ஆறாம் வகுப்பு. ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கை வைத்துத்தான் பணியிட நிர்ணயம் செய்வார்கள். எண்ணிக்கை இறங்கினால் ஆசிரியர் உபரி என்று பணிநிரவலில் (ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்கு மாற்றுவது) கிளம்புவார், ஆசிரியர் கிளம்பினால் மிச்சமிருக்கும் பெற்றோரும் கிளம்புவார்கள். ஒரு பள்ளி மூடப்படுவதற்கு உத்தரவே தேவையில்லை, இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை வந்தால் போதும்.

கே: என் பையன் எட்டாம் வகுப்பில் இரண்டாம் ரேங்க். பெருமைப்படலாமா? (வகுப்பில் மொத்தம் நான்கு பேர்.)
– வாசகர், வத்தலக்குண்டு

ப: அடைப்புக்குறிக்குள் போட்டதை வெளியே எழுதியிருந்தால் கேள்வியே தேவைப்பட்டிருக்காது! ரேங்க்கை விடுங்கள், எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுத வையுங்கள். நாடு முழுக்க 1 லட்சம் பேருக்கு, அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாலு பேருக்குள் இரண்டாவதாக வந்தவன் மாநிலத்தில் எங்கே நிற்கிறான் என்பது அதில் தெரியும். மனத்திறன் தாளுக்குப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக வேண்டும், அதைப் பள்ளியில் செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் வகுப்பில் அதைச் செய்வது மிகவும் சுலபம், மதியம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் போதும்.

கே: எங்கள் பள்ளியில் பெண்கள் கபடி அணிக்கு ஆளே தேறவில்லை. மகள் நன்றாக ஆடுவாள். சின்னப் பள்ளியில் படித்தால் விளையாட்டு அவ்வளவுதானா?
– வாசகி, அறந்தாங்கி

ப: கபடிக்குக் களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்களோடு பத்துப் பன்னிரண்டு வேண்டும். பள்ளியில் மொத்தப் பெண் பிள்ளைகளே இருபது, அதிலும் வயதுப் பிரிவு பார்த்தால் எங்கிருந்து வரும்? உடற்கல்வி ஆசிரியரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். குழு விளையாட்டில் சின்னப் பள்ளிக்கு உண்மையிலேயே நஷ்டம்தான், அதை மழுப்ப முடியாது. இரண்டு வழி உண்டு. குறுவட்டப் போட்டியில் தடகளத்துக்கு அணி தேவையில்லை, ஒரே ஒரு பிள்ளை போதும். கபடி ஆடும் பெண்ணுக்குக் கால் பலமாக இருக்கும், நீளம் தாண்டுதலிலும் 100 மீட்டரிலும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கபடியை விட மனசில்லை என்றால் ஊர்க் கிளப்பில் மாலையில் ஆடட்டும். பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி தேடும்போது, எந்தப் பள்ளியில் பெண்கள் அணி மாவட்டப் போட்டிவரை போகிறது என்று விசாரித்துவிட்டு அங்கே விண்ணப்பம் போடுங்கள்.